சமய மனம் மாறும் வழி

1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் இரு திறத்தார் எதிரெதிரே நின்றனர். தாழ்த்தப்பட்ட மக்களையும் உள்ளே வழிபட விடுமாறு வேண்டிச் சத்தியாக்கிரகஞ் செய்தோர் ஒரு திறத்தார். ஆகமத்தையும் தொன்று தொட்ட வழக்கத்தையும் காக்கின்றோம் என்று வழிமறித்தோர் மற்றைத் திறத்தார். மறித்து நின்றோருள் முதன்மையானவர், முன்னர் வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராய் இருந்த கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். கல்வியிற் குறைந்தவர் அல்லர். தாம் செய்வது அறமே என்று உறுதியாக நம்பியவர். வழிபாட்டிடங்களில் எவரையும் தடுத்தல் குற்றம் என்று கூறும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. சட்டம் முன்னே சென்றுவிட்டது. மனம் பதினொரு ஆண்டுகளின் பின்னும் வாயிலிலேயே நின்றது.

இன்று அவ்வாறு வாயில் மறித்து நிற்பதை வெளிப்படையாக ஆதரித்துப் பேசும் சைவ அறிஞரைக் காண்டல் அரிது. சாதி வேற்றுமை ஒழிந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. அவ்வேற்றுமைக்குச் சமயத்தைச் சான்றாகக் காட்டும் துணிவு குன்றிவிட்டது என்பதே பொருள். ஆகமம் அதே ஆகமம். தெய்வமும் அதே தெய்வம். மாறியது வாசிக்கும் மனிதரின் கண். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நன்கு உணர்ந்து கொண்டால், உலகெங்கும் சமய சமூகங்களைப் பிளந்துகொண்டிருக்கும் வேறொரு வினாவையும் அமைதியாக ஆராயலாம். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பி வாழும் ஒருபாலுறவைச் சமயங்கள் எவ்வாறு நோக்கின, இப்பொழுது எவ்வாறு நோக்குகின்றன என்பதே அவ்வினா.

முதலிற் சொல்லை ஆராய்தல் வேண்டும். இன்று உலகெங்கும் வழங்கும் ஐரோப்பியச் சொல், ஜேர்மன் மொழியில் 1869 ஆம் ஆண்டில் கார்ல் மரியா கெர்த்பெனி என்பவர் ஆக்கியது. அதற்கு முன்னர்ச் சமய நூல்களும் சட்ட நூல்களும் பேசியவை பெரும்பாலும் செயல்களைப் பற்றியே. இன்ன செயல் பாவம், இன்ன செயலுக்கு இன்ன கழுவாய் என்று அவை விதித்தன. இயல்பிலேயே தன்பாலாரிடம் விருப்பங்கொள்ளும் மனிதர் உளர் என்னும் எண்ணம் பரவியது அச்சொல்லுக்குப் பின்னரே. பாவச் செயலைக் கண்டித்தல் எளிது. எதிரே அமர்ந்திருக்கும் மகனையோ மகளையோ கண்டித்தல் எளிதன்று. செயலிலிருந்து மனிதருக்கு நோக்கு நகர்ந்தமையே பின்வந்த மாற்றங்கள் பலவற்றிற்கும் வித்து.

பழைய நூல்கள் ஒரே குரலிற் பேசுவனவும் அல்ல. விவிலியத்தின் லேவியர் ஆகமமும் பவுலடியாரின் நிருபங்களும் இச்செயலைக் கண்டிக்கின்றன. திருக்குர்ஆனில் வரும் லூத் நபியின் வரலாறு இஸ்லாமிய அறிஞர் பெரும்பாலாரால் இதற்கு எதிரான தீர்ப்பாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. மனுநூல் இதனைக் குறிப்பிடுகின்றது; ஆயினும் அது ஆடவர்க்கு விதித்த கழுவாய் ஆடையுடன் நீராடல் என்னும் அளவிலேயே நிற்கின்றது. பௌத்த விநயம் துறவிகளுக்கு எல்லாவகைப் பாலுறவையும் விலக்கியது. இல்லறத்தார்க்கு அத்துணை நுணுக்கமான விதி வகுக்கவில்லை. சைவ சித்தாந்தமோ உயிருக்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை என்றும், அவ்வேற்றுமை உடலுக்கே உரியது என்றும் கொள்ளும். இக்கொள்கையிலிருந்து இன்ன முடிவுதான் பிறக்கும் என்று கூற இயலாது. கன்மத்தை எடுத்துக்காட்டி ஒருவரை இகழ்தலும் கூடும். அதே கன்மத்தை எடுத்துக்காட்டி ஆறுதல் கூறலும் கூடும்.

இவ்விரண்டாவது வழிக்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. கணித மேதை எனப் புகழ்பெற்ற சகுந்தலா தேவி 1977 ஆம் ஆண்டில் ஒருபால் விருப்புடையோரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் உரையாடியவருள் ஒருவர் ஸ்ரீரங்கம் கோயிலைச் சேர்ந்த வைணவ அறிஞர் ஒருவர். இத்தகைய இணையர் முற்பிறப்பில் ஆணும் பெண்ணுமாய் அன்பு கொண்டோராதல் வேண்டும், பிறவி மாறி உடல் மாறினும் உயிரின் பற்று மாறவில்லை என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். வழக்கறிஞர் எவரும் அவருக்கு இதனைக் கற்பிக்கவில்லை. தம் சமயத்தின் பழைய கருத்தொன்றைக் கொண்டே புதிய வினாவுக்கு விடை கண்டார். சமயத்துள் உண்மையான மாற்றம் பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கின்றது. புறத்திலிருந்து வரும் வாதத்திலும் அகத்தில் ஏற்கனவே கிடந்த கருத்தொன்று உயிர் பெறுதலே வலிமை மிக்கது.

இனிச் சட்டத்தின் கதை. இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை 1860 ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியாரால் இயற்றப்பட்டது. அதனைப் பின்பற்றி 1883 ஆம் ஆண்டில் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை எழுந்தது. அதன் 365 ஆம் பிரிவு ‘இயற்கை முறைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கிப் பத்தாண்டு வரை சிறை விதித்தது. 365அ என்னும் பிரிவு ஆடவரிடையே ‘பாரதூரமான இழிசெயலை’த் தண்டித்தது. 1995 ஆம் ஆண்டின் திருத்தம் ‘ஆடவர்’ என்னுஞ் சொல்லை நீக்கி ‘ஆள்’ என்று மாற்றியமையாற் பெண்களும் அதன் வலைக்குட் பட்டனர். விக்டோரியா மகாராணியார் காலத்து ஆங்கிலேயரின் ஒழுக்கக் கருத்தே இவ்விதிகளின் ஊற்று. ஆயினும், நூறாண்டு பழகிய காரணத்தால், இலங்கை மக்கள் பலர் இதனைத் தத்தம் சமயத்தின் ஆதி மரபு என்றே எண்ணத் தலைப்பட்டனர். வந்தேறிய வழக்கம் வீட்டுக்குரியதாய் மாறுதற்கு மூன்று தலைமுறை போதும்.

இச்சட்டத்தை ஏற்றுமதி செய்த நாட்டிலேயே மாற்றம் முதலிற் குருமாரிடையே தோன்றியமை வியப்புக்குரியது. 1954 ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தோர் குழுவொன்று இவ்விடயத்தை ஆராய்ந்தது. 1957 ஆம் ஆண்டில் வுல்ஃபெண்டன் குழு, வயது வந்த ஆடவர் தனிமையில் இசைந்து செய்வதைக் குற்றமாகக் கருதலாகாது என்று அறிக்கை விடுத்தபொழுது, கண்டர்பரிப் பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் அதனை ஆதரித்தார். அவர்க்குப் பின்வந்த பேராயர் மைக்கேல் ராம்சி 1965 ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபையில் அதற்குச் சார்பாகப் பேசினார். 1967 ஆம் ஆண்டில் சட்டம் திருந்தியது. இவ்விருவரும் ஒருபாலுறவைப் பாவம் என்று கருதுவதை விட்டாரல்லர். பாவம் வேறு, குற்றம் வேறு என்று பிரித்தனர். பாவத்தைத் தீர்ப்பது இறைவன் பொறுப்பு. பொலிசாரின் பொறுப்பன்று என்பதே அவர்கள் கருத்து. சமய சமூகங்கள் ஏறும் படிகளுள் முதற்படி பெரும்பாலும் இதுவே. இப்படியில் நிற்போர் தம் கோட்பாடு எதனையும் இழப்பதில்லை.

அடுத்த படிகள் கடினமானவை. அவற்றை ஒரே திருச்சபையில் முழுமையாகக் காண விரும்புவோர் நோர்வே நாட்டை நோக்கலாம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்திற் சமரசஞ் செய்யக் கிளிநொச்சிக்கு வந்து சென்ற நோர்வேத் தூதுவர்களை வன்னி மக்கள் மறந்திரார். அந்நாட்டு லுத்தரன் திருச்சபையின் ஆயர்கள் 1954 ஆம் ஆண்டில் ஒருபாலுறவை உலகளாவிய சமூக அபாயம் என்று கண்டித்தனர். 1972 ஆம் ஆண்டில் நாட்டின் தண்டனைச் சட்டம் நீங்கியது. 1999 ஆம் ஆண்டில் ஹமார் மறைமாவட்டத்தின் பெண் ஆயர் ரோஸ்மரி கேன், ஒருபால் துணையுடன் வாழ்ந்தமையாற் பணி இழந்திருந்த பெண் போதகர் ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்தினார். போதகர் சிலர் ஆயரோடு உறவை முறித்துக் கொண்டனர். 2007 ஆம் ஆண்டில் திருச்சபைப் பேரவை இவ்வாறான நியமனத்தை அவ்வவ் ஆயரின் மனச்சாட்சிக்கு விட்டது. 2009 ஆம் ஆண்டில் நாட்டின் திருமணச் சட்டம் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. 2017 ஆம் ஆண்டில் ஆலயத்தில் அத்திருமணம் நடாத்தும் முறை வகுக்கப்பட்டது. ஒருப்படாத போதகர் அதனை நடாத்த மறுக்கும் உரிமையும் அதனுடன் பேணப்பட்டது.

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அத்திருச்சபையின் தலைமை ஆயர் ஒலாவ் ஃபிக்சே த்வெய்ட், திருச்சபை இம்மக்களுக்கு இழைத்த இழிவுக்கும் துன்பத்துக்குமாகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அதற்கு அவர் தெரிந்த இடம் ஆலயமன்று. 2022 ஆம் ஆண்டிற் கொலைஞன் ஒருவன் துப்பாக்கியாற் சுட்டு இருவரைக் கொன்ற ஒஸ்லோ நகர் மதுச்சாலை. இம்மக்கள் கூடும் இடமாய் அது இருந்தது. கண்டனத்திலிருந்து மன்னிப்பு வரை எழுபத்தோராண்டு சென்றன. ஒரு மனிதர் தம் வாழ்நாளுள் இவ்விரண்டையும் கேட்டிருத்தல் கூடும். இடையில் விவிலியத்தின் ஒரு வரியும் மாறவில்லை. மாறியவை பல சிறியன. முகம் தெரியாத பாவிகள் முகம் தெரிந்த போதகராயினர்; மாற்றுக் கருத்தினர் வெளியேறாமல் உள்ளேயே இருக்க இடம் வைக்கப்பட்டது.

எனினும், எல்லா இடத்தும் இவ்வாறே நிகழும் என்று கருதுதல் தவறு. 1998 ஆம் ஆண்டில் லம்பெத் மாநாட்டில் கூடிய அங்கிலிக்கன் ஆயர்கள் ஒருபாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று 526 வாக்குகளால் முடிவு செய்தனர், எதிர்த்தவை 70. ஆபிரிக்க, ஆசிய ஆயர்களின் குரல் அதில் ஓங்கியது. இங்கிலாந்துத் திருச்சபை 2023 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒருபால் இணையர்க்கு ஆசிமொழி கூற இடந்தந்தபொழுது, அதே அங்கிலிக்கன் குடும்பம் மேலும் பிளவுண்டது. அமெரிக்க மிஷனாரின் கதை இன்னும் நெருங்கியது. 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விக்கூடம் நிறுவியோரின் அமெரிக்க வழித்தோன்றலாகிய ஐக்கிய கிறிஸ்து சபை, தன் விருப்பை மறைக்காத ஒருவரை 1972 ஆம் ஆண்டிலேயே போதகராக அபிஷேகஞ் செய்தது. அவர்கள் வடபுலத்தில் விதைத்த சபையோ 1947 ஆம் ஆண்டிற் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயிற்று. தாய்ச்சபையின் அம்முடிவை அது பின்பற்றவில்லை. ஒரே வித்து இரு நிலத்தில் வேறு வேறு பருவத்திற் பழுக்கின்றது.

கத்தோலிக்க திருச்சபையிற் கோட்பாடும் அணுகுமுறையும் வேறாக நடக்கின்றன. 1992 ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் இச்செயலை ஒழுங்கற்றது என்றது. ஆயினும் அம்மனிதரை மதிப்புடனும் பரிவுடனும் ஏற்றல் வேண்டும் என்றும் கூறியது. 2015 ஆம் ஆண்டு தை மாதத்தில் மடுத் திருத்தலத்துக்கு வந்து வன்னி மக்களோடு செபித்த பாப்பரசர் பிரான்சிஸ், 2023 ஆம் ஆண்டில் ஒருபால் விருப்புடைமை குற்றமன்று என்று தெளிவாகக் கூறினார். அவ்வாண்டு டிசெம்பரில் வத்திக்கான் இத்தகைய இணையர்க்குக் குருவானவர் ஆசி அளிக்கலாம், ஆனால் அது திருமணம் போல் தோன்றலாகாது என்று அறிவித்தது. ஆபிரிக்க ஆயர்கள் தம் நாடுகளில் அதனை நடாத்த மறுத்தனர். விவாக அருட்சாதனம் ஆணுக்கும் பெண்ணுக்குமே உரியது என்னும் கோட்பாடு அசையவில்லை.

இஸ்லாமிய சமூகங்களிற் பெரும்பான்மை அறிஞரின் தீர்ப்பு இன்றும் பழைய நிலையிலேயே உள்ளது. எனினும், இந்தியாவில் 2018 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 377 ஆம் பிரிவை வயது வந்தோரின் இசைவுள்ள உறவுக்குப் பொருந்தாதென அறிவித்த வழக்கில், முன்னர் எதிர்த்து வாதிட்ட முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் முடிவை நீதிமன்றத்துக்கே விட்டது. 2023 ஆம் ஆண்டில் திருமண உரிமை கோரிய வழக்கிலோ சமய அமைப்புகள் பல மீண்டும் எதிர்த்தன. நீதிமன்றமும் அவ்வுரிமையை வழங்கவில்லை. சிறைக்கு அனுப்பாதிருத்தல் ஒரு படி. மணவறையில் அமர்த்துதல் வேறொரு படி. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இரு பக்கத்தாரிலும் உளர். அக்குழப்பத்தால் முதற்படியும் தடைப்படுகின்றது.

இலங்கையில் நிலை யாது? 2016 ஆம் ஆண்டிற் கொழும்பு உயர் நீதிமன்றம், 365அ பிரிவின் கீழ்த் தண்டிக்கப்பட்ட இருவருள் ஒருவரின் மேன்முறையீட்டைத் தீர்த்தபொழுது, குற்றத் தீர்ப்பை நீக்காவிடினும் சிறைத்தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. 2023 ஆம் ஆண்டில் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தும் தனியார் சட்டமூலம் கொணர்ந்தார். எதிர்ப்பாளர் உயர் நீதிமன்றஞ் சென்றனர். அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று நீதிமன்றம் தீர்மானித்தமை 2023 மே 9 ஆம் நாளிற் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஆயினும் வாக்கெடுப்பு நிகழுமுன்னரே 2024 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் இம்மக்களை உல்லாசப் பயணிகளாக வரவேற்கும் முயற்சி எழுந்தபொழுது, பௌத்த மகாநாயக்க தேரர்களும் கத்தோலிக்கப் பேராயர் கருதினால் மல்கம் ரஞ்சித் அவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வேறு விடயங்களில் ஒன்றுபடாத சமயத் தலைமைகள் இவ்விடயத்தில் ஒன்றுபடுதல் உலகெங்குங் காணப்படும் ஒரு குணமாகும்.

வன்னிப் பெருநிலத்தில் இவ்வினா மேடையிலன்றி வீட்டிலேயே எழுகின்றது. இம்மண் பெரும்பாலும் குடியேறியோராற் செழித்தது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பித் தீவகத்தாரும் குடாநாட்டாரும் வந்தனர். 1958, 1977 ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின்னர் மலையகத் தமிழரும் வந்தனர். வவுனியாவில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 2009 ஆம் ஆண்டின் பேரழிவிலே ஊர்கள் முழுமையாக இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாம்களில் ஒரே தண்ணீர்த் தொட்டியின் முன் வரிசையில் நின்று, பின்னர் மீண்டு கோயிலையும் தேவாலயத்தையும் கட்டின. உற்றாரை இழந்த குடும்பத்துக்கு எஞ்சிய ஒரு மகனின் திருமணம் வெறும் விழாவன்று. குலம் தழைக்கும் என்னும் உறுதி அது. அவ்வுறுதியை உடைப்பதாகத் தோன்றும் எச்சொல்லும் பெற்றோருக்கு இரண்டாவது இழப்பாகவே படும். அவர்கள் கோபத்தின் அடியிற் கிடப்பது பெரும்பாலும் அச்சமே.

அச்சத்தின் விளைவு என்ன? சாதகம் பொருந்திற்று, சீதனம் பேசியாயிற்று என்று விரைந்து மணமுடிக்கின்றனர். மணம் முடித்தால் எல்லாம் சரியாகும் என்பது நம்பிக்கை. வாய்திறவாத மகன் ஒருபுறம் வாட, ஒன்றும் அறியாது வந்த மருமகள் மறுபுறம் தன் அழகிலோ குணத்திலோ குறையுண்டு என்று எண்ணித் தேய்கின்றாள். ஒரு வீட்டின் இரகசியம் இரு வீட்டின் துயரமாகின்றது. பேயோட்டுவோரிடமும் மருத்துவரிடமும் பிள்ளையை இழுத்துச் செல்வோரும் உளர். உலக சுகாதார நிறுவனம் 1990 ஆம் ஆண்டிலேயே இதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயல்லாததற்கு மருந்தில்லை.

வன்னியின் மரபிலே இதற்கு இடமே இல்லை என்று கூறுவோர் வற்றாப்பளைக் கண்ணகியம்மன் சந்நிதியை நினைக்கலாம். கண்ணகி வழிபாட்டோடு வளர்ந்த முல்லைத்தீவுக் கோவலன் கூத்திலே கண்ணகியாய் ஆடியவர் ஆடவரே. கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகப் போற்றும் சிங்களச் சடங்கிலும் பூசகர் அம்மனின் ஆடை புனைந்து ஆடுவர். கூத்தும் சடங்கும் ஒருபாலுறவுக்குச் சான்றாகா. ஆயினும், ஆண், பெண் என்னும் வரம்பைத் தெய்வத்தின் முன் தளர்த்தி நிற்க இம்மண் அறிந்திருந்தது என்பதற்கு அவை சான்று. அவ்வகன்ற மனம் எங்கோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாக வேண்டியதில்லை.

மாற்றம் இங்கு எவ்வழியால் வரும் என்பதற்குப் பிற சமூகங்களின் அனுபவம் குறிப்புத் தருகின்றது. இந்து சமயத்துக்குப் பேரவையும் வாக்கெடுப்பும் இல்லை. ஆதலின் தீர்ப்பு ஒரு குருக்களின் வாய்ச்சொல்லிலும் ஒரு தாயின் முகக்குறிப்பிலும் பிறக்கும். கனடாவில் 2005 ஆம் ஆண்டிலும் நோர்வேயில் 2009 ஆம் ஆண்டிலும் ஒருபால் திருமணம் சட்டமாயிற்று. அந்நாடுகளில் வாழும் வன்னி உறவினரின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, தம் பள்ளித் தோழரைப் பற்றியோ தம்மைப் பற்றியோ பேசுவர். கேட்கும் பெரியவர் முதலில் வெகுளலாம். பின்னர்த் தம் ஊரிலேயே மணஞ் செய்யாது ஒதுங்கி வாழ்ந்த ஒருவரை நினைத்து மௌனமாகலாம். அம்மௌனமும் ஒரு தொடக்கமே.

கோட்பாட்டை எவரும் ஒரு நாளில் மாற்றிவிட இயலாது. மாற்ற வேண்டும் என்று எவரையும் வற்புறுத்தலும் பயனின்று. ஆனால், தம் சமயக் கொள்கையிற் சிறிதும் பிறழாத குருக்களும் பங்குத்தந்தையும் மௌலவியும் தேரரும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அஞ்சி வந்து அமரும் இளைஞனை ஊரறியச் செய்யாதிருத்தல், வீட்டை விட்டுத் துரத்துமாறு பெற்றோரைத் தூண்டாதிருத்தல், பொய்த் திருமணத்துக்கு நாள் குறித்துக் கொடாதிருத்தல் என்பனவே அவை. 1957 ஆம் ஆண்டில் ஒரு பேராயரால் இயன்ற அளவு இது; அதனினும் மிகுதி அன்று.

மாவிட்டபுரத்து வாயிலை மறித்து நின்றோர் தம் பேரப்பிள்ளைகள் அக்காட்சியை எவ்வாறு கூறுவர் என்று அன்று எண்ணிப் பார்த்திரார். மரபைக் காப்பவர் என்று தம்மைக் கருதியவரை, பின்வந்த தலைமுறை வழிமறித்தவர் என்றே நினைவில் வைத்தது. இன்று தம் வீட்டு வாயிலில் நிற்கும் பெற்றோருக்கும் அதே வினா காத்திருக்கின்றது. கதவைத் திறப்பதா, மூடுவதா என்பதை அவர்கள் தீர்மானிக்குமுன், வெளியே நிற்பது யார் என்று ஒருமுறை நோக்குதல் நன்று. அங்கு நிற்பது அவர்கள் பெற்று வளர்த்த பிள்ளை.